வரல

பத்தொன்பது நாளுக்கு முன் கடலுக்குப் போன சிலுவைதாசனின் படகு திரும்பவில்லை. அதிலிருந்த புது இடங்காட்டும் கருவி நிமிடத்துக்கு ஒரு சிக்னல் அனுப்பும்; யாராவது சார்ஜ் போடாவிட்டால் பேட்டரி மூன்று நாள்தான் தாங்கும். ஆனாலும் அவன் அப்பா லூர்தையா தினமும், படகுகளின் சிக்னல் வந்து சேரும் துறைமுகத்து சர்வர் அறைக்கு வந்து கேட்பார்.

"வல்லதும் வந்துச்சா மக்களே?"

"ஒண்ணும் வரல மாமா" என்பாள் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஜெனிலா.

இன்று இன்னொரு படகின் புதுக் கருவியிலிருந்தும் எதுவும் வரவில்லை என்றதும், லினக்ஸ் சர்வரின் நெட்வொர்க் கார்டுக்கு வரும் சிக்னல்களை, வடிகட்டும் முன்பே, நேராகப் பார்த்தாள். எல்லாம் வந்துகொண்டுதான் இருந்தது. புதுக் கருவிகளின் முகவரிகளை அனுமதிப் பட்டியலில் சேர்க்க அவள் மறந்திருந்தாள். பட்டியலில் இல்லாததைத் தடுக்கும் ஃபயர்வால் சத்தமில்லாமல் அவற்றின் சிக்னல்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. சிலுவைதாசனின் கருவிக்கு எதிரே, தள்ளியவை: 27,341.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம்.

"வல்லதும் வந்துச்சா மக்களே?"

பழகிய வாய் "ஒண்ணும்" என்று தொடங்கிவிட்டது. திரையில் அது 27,342 ஆனது.