வெறும் வயிற்றில் மூன்று சுற்று

சைக்கிள் பந்தயம் தொடங்கச் சற்று நேரமே இருந்தபோது என் கேம்பர் வானின் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால், அண்ணை புட்டுப் பார்சலோடு நின்றார்.

அவர் வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

ஃபாரஸ்ட் கேட் பகுதியிலுள்ள அவருடைய வீட்டை விட்டு நான் இந்த வானுக்குள் குடிவந்த பிறகு ஒரு தடவைகூட அவர் எட்டிப் பார்த்ததில்லை. "வீடு கிடக்க வானுக்குள்ள படுக்கிறவனோட எனக்கென்ன கதை" என்று தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னவர். இன்று ஞாயிற்றுக்கிழமை, நல்ல வியாபார நாள், கடையைப் பூட்டிவிட்டு, பந்தயம் நடக்கிற ஹெய்னோல்ட் மேட்டடிக்கு வந்து நிற்கிறார். முகம் மழிக்கவில்லை.

"முதல்ல சாப்பிடு," என்றார். "பிறகு கதைப்பம்."

பார்சலை நான் வாங்கவில்லை.

எங்கள் ஆட்கள் சாவுச் செய்தியை வெறும் வயிற்றில் சொல்ல மாட்டார்கள். கேட்ட பிறகு தொண்டையில் ஒன்றும் இறங்காது என்பதால் சாப்பிட வைத்துவிட்டுத்தான் சொல்வார்கள். அப்பா செத்த அன்று, பள்ளிக்கூட வாசலில் நின்ற மாமா என்னைக் கடைக்குக் கூட்டிப்போய் ரோல்ஸ் வாங்கித் தந்தார். நான் வாயைத் துடைக்கும்வரை பொறுத்திருந்தார்.

அம்மாவின் குரலைக் கடைசியாகக் கேட்டது ஜனவரியில், ஊரில் சண்டைக்கு நடுவே, புதுக்குடியிருப்பிலிருந்து. பாதியில் லைன் அறுந்தது. இப்போது ஜூலை. சண்டை மே மாதத்தோடு முடிந்துவிட்டது. ஆமி சனத்தை அடைத்து வைத்திருந்த முகாம்களிலிருந்து ஒவ்வொருவராகப் பெயர் வந்துகொண்டிருந்தது. அம்மாவின் பெயர் வரவில்லை.

அண்ணை வீட்டு டிவியில் சண்டைச் செய்தி ஓய்வதே இல்லை. அதற்காகத்தான் வெளியேறினேன். அதற்கு முன்பே யுனிவர்சிட்டியை விட்டுவிட்டு பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வானுக்குள் கட்டில் பாதி, சைக்கிள் பாதி. என் தலையணையில் சங்கிலி எண்ணெய் மணக்கும். காலையில் ஷிப்ட் முடிந்ததும் எப்பிங் காட்டுக்குப் போய்க் களிமண் மேடுகளில் மூச்சு முட்டும்வரை மிதிப்பேன். மேடு ஏறுகிறவனுக்கு அடுத்த மூச்சைத் தவிர வேறு யோசனை வராது. கப் வாங்குவதற்காக நான் மிதிக்கவில்லை.

"பசிக்கேல்லை," என்றேன்.

"வெறும் வயித்தோட ஓடுவியோ? விசரா. ரெண்டு வாயாவது சாப்பிட்டிட்டுப் போ."

ஹெல்மெட்டை மாட்டினேன்.

நான் சாப்பிடாதவரை அவரால் சொல்ல முடியாது. அவர் சொல்லாதவரை அம்மா எங்கேயோ இருக்கிறார்.

மூன்று சுற்று. முதல் சுற்றில் மேட்டடியில் கயிற்றுக்கு அந்தப்பக்கம் அண்ணை நிற்பதைக் கண்டேன். பார்சல் கக்கத்தில் இருந்தது. போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் சுற்றில் அவர் ஓடி வந்தார். போன் காதில். கயிற்றோடு சேர்ந்து, கடைக்குப் போடும் சப்பாத்தோடு, சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடினார். முகம் நனைந்திருந்தது. அண்ணை அழுது நான் பார்த்ததில்லை.

"டேய், நில்லடா. அம்மா..."

மிச்சத்தை நான் கேட்கவில்லை. குனிந்து சைக்கிளின் முன்சில்லைப் பார்த்தேன். கியரை மாற்றினேன். அந்த மேட்டை அவ்வளவு வேகமாக நான் ஏறியதே இல்லை.

மூன்றாம் சுற்றில் அவர் அங்கே இல்லை.

ஐந்தாவதாக வந்தேன். அதற்கு முன் இருபதுக்குள் வந்ததில்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரர் முதுகில் தட்டினார்.

அண்ணை வானின் படியில் இருந்தார். மடியில் பார்சல், பார்சலுக்கு மேல் போன்.

"சொல்லுங்கோ," என்றேன். "சாப்பிடாமலே கேக்கிறன்."

நான் எதை நினைத்து நிற்காமல் ஓடினேன் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. "விசரா," என்றார் மறுபடியும். இந்த முறை சத்தம் வரவில்லை.

"அம்மா இருக்கிறாடா. செட்டிகுளம் முகாமில. ஆரோ ஒளிச்சு வச்சிருக்கிற போனில இண்டைக்கு எடுப்பா எண்டு நேற்றுத்தான் ஒராள் சொன்னது. உப்பிடிச் சொல்லிச் சொல்லி எத்தினை தரம் ஏமாந்தனாங்கள். அதுதான் கோல் வரட்டும் எண்டு உனக்குச் சொல்லேல்லை."

அம்மா எடுத்திருக்கிறார். கதைத்திருக்கிறார். நான் மேடு ஏறிக்கொண்டிருந்தேன்.

"திருப்பி எடுப்பம்."

"ஏலாது. மணி அடிச்சா ஆமிக்குக் கேட்டிடும். அவவுக்குப் பின்னால வேற ஆக்களும் காத்துக்கொண்டு நிண்டவை."

யாரோ பரிசு வாங்கினார்கள். கை தட்டினார்கள்.

"என்ன கேட்டவ?"

"வேற என்ன கேப்பா? தம்பி சாப்பிட்டானோ எண்டுதான். அதைத்தான் முதல்ல கேப்பா எண்டு தெரிஞ்சுதானே புட்டைக் கட்டிக்கொண்டு வந்தனான். உனக்கு அவவிட்டப் பொய் சொல்ல வராது."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டன்."

கையுறைகளைக் கழற்றினேன். விரலெல்லாம் சேறு. கழுவவில்லை. பார்சலைப் பிரித்தேன். புட்டு ஆறி இறுகியிருந்தது. சம்பலில் தண்ணீர் விட்டிருந்தது.

கடைசித் துகள்வரை சாப்பிட்டேன்.

அடுத்த முறை மணி அடித்தால் நான் எடுக்கட்டும் என்று, அண்ணை போனை என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.