சைடு கேட்

விடிந்ததும் விடியாததுமாக சுந்தரதாஸ் மஞ்சள் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வீல்சேரில் தயாராகிவிட்டான்.

வேலாயுதனின் ஆட்டோ வர வேண்டியதுதான் பாக்கி. ஆட்டோவில் பாறசாலை ஸ்டேஷன், அங்கிருந்து ரயிலில் கொச்சி, சாயங்காலம் பெரிய ஸ்டேடியத்தில் ஃபுட்பால் ஃபைனல்.

பலாமரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போன பிறகு, காரக்கோணம் ஆஸ்பத்திரியைத் தவிர அவன் எங்கேயும் போனதில்லை. மனிதனுக்கு ராத்திரி உறக்கம் வருமா, சொல்லுங்கள். மனைவி ரெஜிலாவையும் உறங்கவிடவில்லை.

ஒரு காலத்தில் வெள்ளறடை கிளப்புக்கு அவன்தான் கோல்கீப்பர். வேலாயுதன் அவனுக்கு முன்னால் நின்று தடுக்கிற பேக். வேலாயுதனைத் தாண்டி ஒரு பந்து வருவது லேசில்லை.

இந்தப் பயணத்தின் பிளான் முழுக்க தாஸுடையது. எந்த ரயில், எங்கே இறங்குவது, எந்தக் கடையில் சாயா நன்றாக இருக்கும், எல்லாம் அவன் விசாரித்தது. ஸ்டேடியத்துக்கே ஃபோன் போட்டு, மலையாளத்தில் சார் சார் என்று குழைந்து, ஒரு பெரிய சங்கதியையும் கறந்துவிட்டான். வீல்சேர் வந்தால் வரிசை கிடையாது. சைடு கேட்டைத் திறந்து, தள்ளிக்கொண்டு வருகிறவர்களையும் சேர்த்து உள்ளே விடுவார்கள்.

அதைக் கேட்டு வேலாயுதன் அவனைக் கட்டிப்பிடித்துக் கொண்டான். “நீ ஒருத்தன் உண்டும்னா நமக்கு ராஜயோகமாக்கும் மக்கா!”

தாஸ் அந்த வார்த்தையை ஒரு வாரம் வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தான்.

ஆட்டோ வந்தது. பின் சீட்டில் சஜி இருந்தான். கிளப்பில் இப்போது கோல் காக்கிற பையன், அவனும் மஞ்சள் ஜெர்சி. ரெஜிலா வாழையிலையில் கட்டிய மூன்று பொதிச்சோறோடு வாசலுக்கு வந்தாள்.

வேலாயுதன் இறங்கினான். தாஸின் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்தான்.

“அப்போ நாங்க போயிட்டு வாறோம்லே தாஸே.”

நாங்க.

இந்த எல்லைப் பக்கத்து ஆட்கள் தமிழில் தொடங்கிய பேச்சை மலையாளத்தில் முடிப்பார்கள். நடுவில் நாலு இங்கிலீஷையும் போட்டுக் குழப்புவார்கள். ஆனால் நம்ம என்பதையும் நாங்க என்பதையும் மட்டும் பால்குடி மாறாத பிள்ளைகூட மாற்றிச் சொல்லாது. மலையாளத்தில் பேசினாலும் நம்மள் வேறு, ஞங்ஙள் வேறு. நேற்று வரைக்கும் நம்ம என்றுதான் இருந்தது.

வாய் தவறியிருக்கும் என்று நினைத்தான், பாவம். ஆட்டோவை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போடு, ஏற வசதியாக இருக்கும் என்றுகூடச் சொன்னான்.

வேலாயுதன் பிடரியைச் சொறிந்தான். “டிரெயின்ல ஒன்ன ஏத்தணும், இறக்கணும், மூத்திரத்துக்கு எடுக்கணும். ஒனக்குத்தான் கஷ்டம்லே. அந்த சேர் மட்டும் போதும். சஜி அதுல இருந்துக்கிடுவான். உள்ள போனா எழும்பி நடந்துருவான்.”

அடப்பாவி!

தாஸின் இரண்டு கைகளும் சக்கரங்களை இறுக்கிப் பிடித்தன. நான் விசாரிச்சுச் சொன்ன கேட், நான் போட்ட பிளான். இது எனக்க சேராக்கும் என்று கத்தினான். கத்தியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

வேலாயுதன் குரலை உயர்த்தவில்லை.

“கிளப்புக்க சேராக்கும் மக்கா.”

அது பொய்யில்லை. தாஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இதே வேலாயுதன் வீடு வீடாக ஏறி, சர்ச்சிலும் கோயிலிலும் கைநீட்டி வாங்கிக் கொடுத்த சேர். முதுகில் சிவப்புப் பெயிண்டில் கிளப்பின் பெயர் இருக்கிறது. அதை அவர்கள் அன்பாக எழுதிய எழுத்து என்றுதான் அவன் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

பிடி தானாக விட்டுப்போனது.

இரண்டு பேருமாக அவனைத் தூக்கி பிளாஸ்டிக் நாற்காலியில் இருத்தினார்கள். ரெஜிலா மூன்று பொதியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், அடுக்களைக் கதவைப் படாரென்று சாத்தினாள்.

சஜி வீல்சேரில் உட்கார்ந்து முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தான். கேட்டில் பிடித்துவிடுவார்களோ என்று அவனுக்கு உள்ளூர உதறல்.

“தாஸண்ணா, ஒரு சம்சயம். நீங்க காலை எப்பிடி வைப்பிய?”

தாஸுக்கு அவன் முகத்தில் காறித் துப்பலாம் போலிருந்தது. துப்பவில்லை.

“நான் வைக்கதில்ல மக்கா. ரெஜிலா எடுத்து வைப்பா.”

சஜி சாத்திய கதவைப் பார்த்தான். பிறகு வேலாயுதனைப் பார்த்தான்.

வேலாயுதன் தரையில் முட்டுக்குத்தி உட்கார்ந்தான். சஜியின் கால்களை ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி, மெல்ல சேரின் மிதியில் எடுத்துவைத்தான். வலது பாதம் கொஞ்சம் சரிந்தது. அதை மறுபடியும் தூக்கி, நேராக்கி வைத்தான்.

அவனுக்கு அதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.