ஒரு குடும்பத்துக்கு ஒன்று

மூன்றாம் கவுண்டரில் அவள் நின்றாள். ஐந்தாம் கவுண்டரில் அவர் நின்றார்.

பஸ் ஸ்டாப் போய்ச் சேரும் வரை இருவரும் அந்நியர்கள்.

முப்பத்தொரு வருஷமாக அவருக்குப் பொங்கிப் போட்டவள். இன்று அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. அது சட்டம். சட்டம் போட்டவரும் அவர்தான்.

எல்லாம் ஒரு கூப்பனுக்காக.

சூப்பர் மார்க்கெட் விளம்பரம் பேப்பரில் வந்தது. ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு மளிகை வாங்கினால் ஒரு லிட்டர் எண்ணெய் இலவசம். கீழே எறும்பு எழுத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு கூப்பன் மட்டும் என்று போட்டிருந்தது.

அதைப் படித்த மறுநிமிஷம் மனுஷன் செருப்பை மாட்டிக்கொண்டு போய் இன்னொரு பேப்பர் வாங்கி வந்தார்.

மின்வாரியத்தில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் தேதி ஆனால் பென்ஷன் வந்து விழுகிறது. எண்ணெய்க்கு வக்கில்லாத வீடா அது?

ஸ்கேல் வைத்து, பிளேடால், ஓரம் பிசிறாமல் இரண்டு கூப்பனையும் வெட்டினார். அரை மணி நேரம் ஆனது. ஆபீசில் ஒரு பைலைக்கூட இவ்வளவு அக்கறையாகப் பார்த்திருக்க மாட்டார்.

பிறகு உத்தரவுகள். அவள் முதலில் உள்ளே போக வேண்டும். பத்து நிமிஷம் கழித்து அவர் வருவார். பை வேறு, போன் நம்பர் வேறு. கடைக்குள் எதிரெதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

பெரிய ராணுவ ரகசியம்.

கணக்கு ஆயிரத்தைந்நூறைத் தொட வேண்டுமே, அதற்காக அவள் கூடையில் இரண்டு ஓட்ஸ் பாக்கெட். வீட்டில் ஓட்ஸ் தின்ன ஆளில்லை. போன கூப்பனுக்காக வாங்கிய பேபி சோப்பே பீரோவில் கிடக்கிறது. அந்த வீட்டில் கடைசியாகக் குழந்தை அழுது இருபத்தெட்டு வருஷம் ஆகிறது.

கூத்து. வெட்கங்கெட்ட கூத்து.

காலையில் இட்லி வெந்துகொண்டிருந்தது. வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றார். ஸ்டாக் உள்ளவரைதானாம். சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுக் கிளம்பினார். மாத்திரை போட்டால் உடனே சாப்பிடச் சொல்லியிருக்கிறாரே டாக்டர் என்று அவள் வாசல் வரை கத்திக்கொண்டு வந்தாள். எண்ணெய் முடிந்துபோனால் டாக்டரா வாங்கித் தருவார் என்று கேட்டார்.

கேட்பார். ஏன் கேட்க மாட்டார்.

ஐந்தாம் கவுண்டரில் ஏதோ விழுந்த சத்தம்.

அவள் திரும்பிவிட்டாள். சட்டம் போயிற்று.

அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். தள்ளுவண்டிக் கம்பியைப் பிடித்திருந்த கை வெடவெடவென்று ஆடியது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு பெருங்காய டப்பா உருண்டுபோய்ச் சுவரோரம் நின்றது.

செக்யூரிட்டி சகாயமேரி ஓடி வந்தாள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று அவரைக் கேட்டாள்.

யாருமில்லை, தனியாகத்தான் வந்தேன் என்றார். நாக்குக் குழறியது.

கண் மட்டும் தெளிவாக இருந்தது. அது மூன்றாம் கவுண்டரைப் பார்த்து, வராதே, பில்லைப் போடு என்றது.

அவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மூன்று வருஷமாக அவள் கைப்பையில் ஆரஞ்சு மிட்டாய் இருக்கிறது, அவருக்காக. ஒன்றைப் பிரித்து அவர் வாயில் போட்டாள். இன்னொன்று போட்டாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். பயந்துபோயிருந்தாள். திட்டக்கூடத் தோன்றவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகக் கை ஆட்டம் நின்றது.

தெரிந்தவரா அம்மா என்று சகாயமேரி கேட்டாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். அவள் போட்ட மிட்டாய் கன்னத்தில் ஒதுங்கியிருந்தது.

"இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது."

இப்போது நாக்குக் குழறவில்லை.

சுற்றி நின்றவர்கள் அவளைப் புண்ணியவதி என்றார்கள். யாரோ எவரோ, இந்தக் காலத்தில் யார் இப்படி ஓடி வருவார்கள் என்று ஒருத்தி நெகிழ்ந்துபோய்ச் சொன்னாள்.

அவள் எழுந்து மூன்றாம் கவுண்டருக்குத் திரும்பினாள். வரிசையில் வழி விட்டார்கள். கூப்பனை நீட்டினாள். வாங்கி, பில்லோடு சேர்த்துப் பின் அடித்து, எண்ணெய் பாக்கெட்டைக் கொடுத்தார்கள்.

பஸ் ஸ்டாப் பெஞ்சில் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டுப் பக்கம் போகும் பஸ் இரண்டு வந்து போயின. அவர் காலூன்றி நடந்து வருவதைப் பார்க்காமல் ஏற மனம் வரவில்லை.

வந்தார். நன்றாகவே நடந்து வந்தார். கையில் பையோடு ஒரு ஜூஸ் டப்பா. கடையில் கொடுத்திருப்பார்கள். காசு வாங்கியிருக்க மாட்டார்கள். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

ஜங்ஷன் பஸ் வந்து நின்றது. வீட்டுக்குப் போகாத பஸ். அவள் எழுந்தாள். பையை எடுக்கவில்லை.

அவர் நேரே பெஞ்சுக்குத்தான் போனார். குனிந்து பைக்குள் பார்த்தார். பில்லை வெளியே எடுத்து விரல் வைத்துப் படித்தார். எண்ணெயைத் தொட்டுப் பார்த்தார்.

அதற்கப்புறம்தான் அவளைத் தேடினார்.

அவள் படியில் ஏறியிருந்தாள். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். வெட்டிக் கொண்டுவர ஒன்றுமில்லை.

பையை விட்டுவிட்டுப் போகிறாளே என்று அவர் கத்தினார். மறுபடியும் கத்தினார்.

கண்டக்டர் குனிந்து வெளியே பார்த்தார்.

"அம்மா, அந்தப் பெரியவர் உங்களத்தான் கூப்பிடுறாரு. வீட்டுக்காரரா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் இரண்டு கையிலும் பை. வாயோரம் மிட்டாயின் ஆரஞ்சு நிறம்.

"யாருன்னே தெரியாதுப்பா."

கண்டக்டர் விசில் கொடுத்தார்.