பெஞ்சில் ஓர் இடம்

சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாரின் நெஞ்சை அழுத்தி அழுத்தி டாக்டர் நசீமாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது. நெஞ்சு திரும்பத் துடிக்கவேயில்லை. அவசரப் பிரிவின் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். சாவை நின்றுகொண்டு சொல்லக் கூடாது என்பது இத்தனை வருஷத்தில் அவர் கற்றுக்கொண்டது. மேலேயிருந்து சொன்னால் சொல் செங்கல்லாட்டம் தலையில் விழும். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்வார்.

சுவரோரப் பெஞ்சில் கொத்தனாரின் மனைவி செல்லக்கிளி இருந்தாள். டாக்டரைக் கண்டதும், மடியில் வைத்திருந்த புருஷனின் செருப்புகளை எடுத்துப் பக்கத்துக் காலியிடத்தில் வைத்தாள். சிமெண்ட் அப்பிக் காய்ந்த செருப்புகள்.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா, உக்காந்துக்கறேன்."

"இங்க ஆளு வருது டாக்டரம்மா. நின்னுக்கிட்டே சொல்லுங்க."

"காலு வலிக்குதும்மா."

"கொஞ்ச நேரம் வலிக்கட்டும். காலைலேருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். நீங்க யாரு பக்கத்துல உக்காந்தாலும் அவங்க அழுவுறாங்க. நின்னு சொன்னா கையெடுத்துக் கும்புடுறாங்க. எனக்கும் நின்னே சொல்லிருங்க."

டாக்டர் நின்றார். உள்ளேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், அவர் நகரவில்லை. செல்லக்கிளி அவர் முகத்தைப் பார்க்காமல் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை நின்றுகொண்டுதான் இருந்தன. வெகுநேரம் அப்படியே நின்றன.

பிறகு அவளே செருப்புகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.