ரெண்டு மாதத்து இரைச்சல்

“அண்ணே, நான் வாயத் தொறக்கதுக்கு முன்னாடியே உங்க மைக்கு ‘ம்ம்ம்’னு பாட ஆரம்பிக்குது!”

ரெனிஷா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். டெனிஷ் அழாத குறை. குழித்துறையில் வீட்டின் பின்னறையை ஸ்டுடியோவாக்கி நாலு வருஷமாகப் பாட்டுப் பதிவு செய்கிறான். இரண்டு மாதமாகத்தான் இந்தச் சனியன் பிடித்த இரைச்சல். மைக்கை மாற்றினான், வயரை மாற்றினான், ஃபிரிட்ஜை அணைத்தான், ஃபேனை அணைத்துவிட்டு வியர்வையில் குளித்தான். அது எதற்கும் மசியவில்லை.

ஊர்த் திருச்சபையின் நூற்றாண்டு விழாப் பாட்டை ரெனிஷாதான் பாட வேண்டும் என்று ஊரே ஒற்றைக்காலில் நிற்கிறது. அவளோ குவைத்தில் நர்ஸ். நாளைக் காலை திருவனந்தபுரத்தில் விமானம். இன்று பதியாவிட்டால் பாட்டும் இல்லை, டெனிஷுக்கு ஊரில் முகமும் இல்லை.

“அண்ணே, போனுல பாடி அனுப்பட்டா?”

“சும்மா இரு பிள்ளே. ஞானசிங் அண்ணன வரச் சொல்லியிருக்கேன்.”

இந்த அறைக்கு வயரிங் செய்தவர் ஞானசிங். வந்தவர் மைக்கின் பக்கம் திரும்பவே இல்லை. கம்ப்யூட்டர் பெட்டியின் இரும்பை விரல் முதுகால் மெல்லத் தொட்டார்.

“சுர்ருங்குது. ஏலே டெனிஷ், இது மைக்குக்க குத்தம் இல்ல. எர்த்து வேல செய்யல்ல. வெளிய வா.”

மதிலோரம் எர்த்துக் குழியில் கிடந்த சருகை விலக்கினார். உப்பும் கரியும் போட்டு மூடிய மண், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

“இப்பிடிக் காஞ்சா கரண்டு எப்பிடிலே மண்ணுல இறங்கும்? உனக்க மைக்குலதான் கெடந்து முனங்கும். நாலு குடம் வெள்ளம் கொண்டா.”

டெனிஷ் ஓடி ஓடி ஊற்றினான். மண் மடமடவென்று குடித்தது. உள்ளே போய் ஹெட்போனை மாட்டினால், அடேயப்பா! துடைத்துவிட்ட மாதிரி அமைதி. ரெனிஷா பாடினாள். ஒரே தடவையில் பாட்டு பதிவாகிவிட்டது. என்ன குரல்! டெனிஷுக்குப் புல்லரித்தது.

“அண்ணே, உங்க மூளைக்கு ஒரு கும்பிடு!” என்றான் ஞானசிங்கிடம்.

“எனக்கு எதுக்குலே கும்பிடு? தெனம் ஒரு குடம் ஊத்தணும்னு குழி வெட்டின அன்னைக்கே சொன்னேன். நாலு வருஷமா ஒழுங்கா ஊத்தினவன் இப்ப ஏன் நிறுத்தின? பங்குனி வெயிலு தாங்குமா?”

டெனிஷ் திருதிருவென்று விழித்தான். அவன் ஒருநாளும் ஒரு சொட்டு ஊற்றியதில்லை. ஞானசிங் அப்படிச் சொன்னதாகவே அவனுக்கு நினைவில்லை.

அப்படியானால் யார்? யோசித்ததும் பகீரென்றது. பக்கத்து வீட்டு நேசபாய் அக்கா! சந்தையில் மீன் விற்கிறவர். விற்றுவிட்டு வந்ததும் மதிலுக்கு மேலே கையை நீட்டி ஒரு குடத்தை இந்தப் பக்கம் கவிழ்ப்பார். இரண்டு மாதத்துக்கு முன்னால் டெனிஷ் அதைக் கண்ணால் கண்டு எகிறிக் குதித்தான். “மீன் கழுவின வெள்ளத்தக் கொட்ட எனக்க மதில்தான் கெடச்சுதா?”  அவர் குடத்தோடு உள்ளே போனவர்தான், பிறகு மதிலோரம் வரவே இல்லை.

அந்த அழுக்குத் தண்ணீரா இத்தனை நாள் ஸ்டுடியோவைக் காப்பாற்றியது! நல்ல கூத்துதான். ஞானசிங்கையும் ரெனிஷாவையும் அனுப்பிவிட்டு, வெட்கத்தைப் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினான்.

“அக்கா, அன்னைக்கு நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. மீன் கழுவுத வெள்ளத்த இனி அங்கயே ஊத்துங்க, நான் ஒண்ணும் சொல்லல்ல.”

நேசபாய் அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

“மீன் கழுவின வெள்ளம் எனக்க தென்னைக்குல்லா மக்கா போகுது! உனக்க குழிக்கு ஊத்தினது நல்ல கெணத்து வெள்ளமாக்கும். குழி வெட்டின அன்னைக்கு ஞானசிங் தெனம் ஊத்தணும்னு சொன்னப்ப நீ போனுல பேசிக்கிட்டு நின்ன. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்னு அதக் கேட்டது நான்தான். பாட்டுப் படிக்கப்போற எடம் கெட்டுப் போகக் கூடாதேன்னுதானே தெனம் ஊத்தினேன்!”