மூன்றாவது துளிர்

மழை பொய்த்த இரண்டாம் ஆண்டில், அந்தப் பாலையில் பச்சையென்று மிஞ்சியது ஒரே ஒரு புதர்தான். ஆடுகள் இருமுறை மொட்டையடித்தும் மறுபடி துளிர்த்திருந்தது. இலைகள் மட்டும் அரிசி அளவுக்குச் சிறுத்துவிட்டன.

"இன்னும் உசிரு இருக்கு, ஒச்சு. சினையாட்டை அவுத்து விடு" என்றான் விருமன்.

அவன் மனைவி ஒச்சம்மா புதரடியைத் தோண்டி, வேரொன்றை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே சதையே இல்லை, வெறும் தக்கை.

"தன் வேரையே தின்னுல்ல துளுத்திருக்கு. இன்னொரு தடவ கடிச்சா செத்துப்போகும்."

"கடிக்காட்டி ஆடு செத்துப்போகும்."

அவள் மண்ணைத் திரும்ப வேர்மேல் தள்ளி, உள்ளங்கையால் அழுத்தினாள். பிறகு எழுந்துபோய்க் கயிற்றை அவிழ்த்தாள்.

சீக்கிரமே தின்று முடித்த ஆடு, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது.