பாலுமில்லை, முட்டையுமில்லை

"இதுக்குள்ள வெண்ணெய் மணக்குது. எனக்கு வேண்டாம்" என்று தட்டைத் தள்ளி வைத்தாள் கனகாம்பிகை.

சபாரத்தினத்துக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஏதென்ஸில் வந்து இறங்கியதிலிருந்து இதே கதைதான். டூட்டிங்கில் அவர் மானேஜராக இருக்கும் பெற்றோல் செட்டில் வியாபாரம் நன்றாக நடந்ததென்று கொம்பனி கொடுத்த பரிசு இந்தப் பயணம். புருசனும் பெண்சாதியும் ஒரு கிழமை ஊர் சுற்றலாம். லண்டனில் ஷிப்ட் முடிந்து வந்து, மூடி வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற மனிதருக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் அம்பிகைக்கு நேர்த்திக்கடன். மச்ச மாமிசம், முட்டை மட்டுமில்லை, பால், தயிர், நெய்கூட வாயில் வைக்கமாட்டாள். முருகனிடம் கேட்டது கிடைக்கும்வரை அப்படித்தானாம். இதற்கு வெள்ளைக்காரர் 'வீகன்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று செட்டில் வேலை செய்யும் பெட்டை ஒருத்தி சொன்னாள். பெயர் வைத்தவர்கள் சாப்பாட்டையும் வைத்திருக்கலாம்.

முருகனிடம் என்ன கேட்டாள் என்று சபாரத்தினம் விசாரிக்கவில்லை. விசாரிக்க என்ன இருக்கிறது? அவர்களோடு இருக்கும் அவளுடைய தம்பி இராஜேந்திரனின் அகதி வழக்கு குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தது. மறுத்துவிட்டால் பொடியனைக் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். தொண்ணூற்றுநாலாம் ஆண்டில் கொழும்பில் இறங்கும் யாழ்ப்பாணத்துப் பொடியனுக்கு என்ன நடக்கும் என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஆகவே நேர்த்தி முறியக்கூடாது. ஏதென்ஸில் ஒரு துண்டு சீஸ் உள்ளே போய், குரோய்டனில் வழக்கும் தோற்றால், பழி யார் தலையில் விழும் என்பது அவருக்குத் தெரியும். அதைவிட, மைத்துனன் மேல் அவருக்கு உயிர்.

இன்னொரு பயமும் இருந்தது. வந்த அன்றைக்கு ஹோட்டலில் அவளுடைய தட்டு வெறுமையாகக் கிடப்பதைக் கண்டு, "நீ சாப்பிட்டியோ?" என்று கேட்டார். அவள் பதிலே சொல்லாமல் அவரைப் பார்த்தபடி இருந்தாள். பசியில் காது அடைத்துவிட்டதாக்கும் என்று பதறிப்போனார். அன்றிலிருந்து அவருக்கு வேறு வேலை இல்லை.

"காலமை என்ன சாப்பிட்டனி?"

"பாணும் ஒலிவ் காயும்."

"அது வயித்துக்குக் காணுமோ?"

"காணும்."

"காணாது. எழும்பு!"

அடுத்த தெருவில் ஒரு சிறிய கடை. சபாரத்தினம் வெயிற்றரைப் பிடித்து, இறைச்சி இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை என்று விரல் மடக்கி விளக்கினார்.

"கோழி?" என்றான் அவன்.

"கோழியும் இல்லை."

"சீஸ்?"

சீஸ் பாலிலிருந்துதான் வருகிறது என்பதைச் சபாரத்தினம் ஒரு கிரேக்கனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அவன் சற்று யோசித்தான். பிறகு முகம் மலர்ந்து, "நிஸ்தீசிமோ!" என்று கத்தினான். ஈஸ்ரருக்கு முன்னால் அவர்களும் விரதம் பிடிப்பார்களாம். பால், முட்டை, இறைச்சி ஒன்றும் கிடையாதாம். அந்தச் சாப்பாட்டுக்குத்தான் அந்தப் பெயராம்.

"பாத்தியோ, இவங்களுக்கும் விரதம் இருக்கு" என்று சபாரத்தினம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

எலுமிச்சம்புளி விட்ட அவித்த கீரை வந்தது. தக்காளிக் குழம்பில் பெரிய அவரை விதை வந்தது. பின்னால் பொரித்த வளையங்கள் ஒரு தட்டு.

"வெங்காயமாக்கும்" என்று அம்பிகை கையை நீட்டினாள்.

சபாரத்தினம் முந்திக்கொண்டு ஒன்றைக் கடித்துப் பார்த்தார். "வை, வை! கணவாய் மீன்!"

கணவாயில் இரத்தம் இல்லை, அதனால் விரதத்துக்கு ஆகும் என்றான் வெயிற்றர்.

"எங்கட முருகன் அந்தக் கணக்குப் பாக்கமாட்டார்" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்தார் சபாரத்தினம். அம்பிகை ஒரு பெருமூச்சு விட்டுக் கீரைக்குத் திரும்பினாள்.

"வயிறு நிறைஞ்சுதோ?"

"ஓம்."

"இன்னும் கொஞ்சம் கீரை சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ" என்றாள். அவள் முகத்தில் ஒரு களை இருந்தது. கீரை உடம்புக்கு நல்லது என்று அவர் நினைத்துக்கொண்டார். மிச்ச நாட்களும் மூன்று நேரமும் அதே கடைதான்.

டூட்டிங் வீட்டுக் கதவைத் திறந்த இராஜேந்திரன், பெட்டியை வாங்க மறந்து, "அத்தான், விசா குடுத்திட்டாங்கள்! லோயர் இப்பதான் போன் பண்ணினவர்!" என்று அவரைக் கட்டிப்பிடித்தான். சபாரத்தினத்துக்கு அழுகை வந்துவிட்டது. கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் போய், பாலை நிறைய விட்டுத் தேத்தண்ணி போட்டுக்கொண்டுவந்து அம்பிகை முன்னால் வைத்தார்.

"குடி. நேர்த்தி பலிச்சிட்டுது."

"தம்பிக்கு நூறு தேங்காய் உடைக்கிறதெண்டு வைச்சனான். அது வேற நேர்த்தி" என்றாள் அம்பிகை.

"அப்ப, பால் குடியாமல் கிடந்தது ஆருக்கு?"

"உங்களுக்குத்தான். கலியாணம் கட்டின நாளில இருந்து ஒருக்காவும் நீங்கள் 'சாப்பிட்டியோ' எண்டு என்னைக் கேட்டதில்லை. அதைக் கேக்கப் பண்ணு முருகா எண்டு வைச்சனான்."

"அதைத்தான் போய் இறங்கின அண்டைக்கே கேட்டிட்டனே! பிறகென்னத்துக்கு ஒரு கிழமையா அந்தக் கீரையைத் திண்டனி?"

அம்பிகை தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தாள்.

"முடிஞ்சுதெண்டு சொன்னால், நீங்கள் கேக்கிறதை நிப்பாட்டிப்போடுவியள்."